நர்ஸ் வந்து பார்க்கும்போது நாம் செய்யக்கூடாதவை

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது அட்மிட் ஆனால், வீட்டு ஆள் ஒருவர் அட்டெண்டராகக் கட்டில் பக்கத்திலேயே இருப்பார். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் நர்ஸ் அடிக்கடி வந்து எதைப் பார்க்கிறார் என்று தெரியாததால், அந்தப் பாசமே சில நேரம் குறுக்கே நின்றுவிடுகிறது.

பெரிய தவறு ராத்திரியில்தான் நடக்கிறது. "இப்பதான் கண்ணு அசந்தார் சிஸ்டர், காலையில பார்த்துக்கலாமே" என்று திருப்பி அனுப்புகிறோம். ஆபரேஷன் முடிந்த அன்று இப்படிச் சொல்லவே கூடாது. உள்ளே ரத்தம் கசிந்தாலும், தொற்று ரத்தத்தில் பரவினாலும், நமக்குக் கண்ணில் படுவதற்கு முன்பே பெரும்பாலும் நாடித் துடிப்பும் மூச்சும் ஏறத் தொடங்கிவிடும். வலிக்குப் போடும் மார்ஃபின் வகை ஊசியில் இது நேர் எதிர். மூச்சு குறைந்துகொண்டே போகும், பார்ப்பவருக்கு நல்ல தூக்கம் போலத் தெரியும். எழுப்பினால்தான் தூக்கமா மயக்கமா என்று தெரியும்.

நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தபடி பேசாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் அவர் எண்ணுவது நாடியை மட்டுமல்ல, மார்பு ஏறி இறங்குவதையும்தான். மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார், அதனால்தான் சொல்வதில்லை. அந்த ஒரு நிமிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இருக்கும். நாடி, மூச்சு போன்ற ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க பிரிட்டனில் 2012-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்டது 'நியூஸ்' முறை. அதில் மூச்சு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். மொத்தம் 5 ஆனால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் அது எமர்ஜென்சி.

அப்புறம் சிறுநீர். அளவு குறிக்கச் சொல்லியிருக்கும்போது, பையை நாமே காலி செய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது, பாத்ரூம் போய்வந்ததை மறைப்பது எல்லாம் சார்ட்டையே பொய்யாக்கிவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே போனால், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று யோசிப்பார்கள். குடித்ததையும் சொல்ல வேண்டும். வாசலில் விற்கும் இளநீர்தானே என்று கொடுத்துவிடுகிறோம். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

டிரிப் வேகத்தையோ ஆக்சிஜன் அளவையோ நாமே கூட்டக் கூடாது, மானிட்டர் அலாரத்தை நாமே அணைக்கவும் கூடாது. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் மாட்டியிருந்தால் நகப்பூச்சை அழித்துவிடுங்கள், அளவு தவறாகக் காட்டலாம்.

பெங்களூரில் சிஸ்டர் கேரளாவிலிருந்தோ கர்நாடகத்து ஹாசனிலிருந்தோ வந்த, தமிழ் அவ்வளவாகத் தெரியாதவராக இருக்கலாம். நம் தாத்தா "ஒரு மாதிரியா இருக்கு" என்றால் அவருக்கு என்ன புரியும்? வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், பாவம் அந்தப் பொண்ணுக்கு எதுக்குத் தொந்தரவு என்று "ஒண்ணுமில்லம்மா" என்பார் பாட்டி. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பார் என்று நீங்கள்தான் கேட்டு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதோடு, அப்பா நேற்றுப் போல இல்லை, ஆளைத் தெரியாமல் பேசுகிறார் என்பது முதலில் உங்களுக்குத்தான் தெரியும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். திடீர்க் குழப்பத்துக்கும் 'நியூஸ்' முறையில் 3 மதிப்பெண் உண்டு. உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். அவர் வேறு நோயாளியோடு மாட்டிக்கொண்டிருந்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம், அவரும் இல்லையென்றால் நேராக டியூட்டி டாக்டரிடம்.