மணி பிளான்ட்: வெட்டும் இடத்திலேயே தொடங்கும் தவறுகள்

"வேர் விட்டிருக்கிறது, இலையும் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் ஒரு தளிர்கூட வரவில்லை." மணி பிளான்ட்டைத் தண்ணீரில் வைத்தவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. பெரும்பாலும் காரணம், வெட்டிய இடம்தான். இலையைக் காம்போடு கிள்ளி வைத்தால் வேர் வரலாம், கொடி வராது. தளிருக்கான மொட்டு கணுவில்தான் இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், பழுப்பு நிறத்தில் சிறு முண்டாக வேர் முளை தெரியும் பாருங்கள், அதுதான் கணு. அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே, சுத்தமான கத்தரியால் வெட்ட வேண்டும். திருடி நட்டால்தான் செல்வம் சேரும் என்று நம்பி அவசரமாகக் கிள்ளும்போது கணு கொடியிலேயே தங்கிவிடுகிறது. கேட்டே வாங்குங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

கணு தண்ணீருக்குள், இலை வெளியே. இலை மூழ்கினால் அழுகித் தண்ணீரும் நாறும். நீளமான கொடியை அப்படியே வைப்பதைவிட, ஒன்றிரண்டு கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, ஐந்தாறை ஒரே தொட்டியில் நடுங்கள். ஒற்றைக் கொடி தானாக அதிகம் கிளைக்காது. தொட்டி அடர்த்தியாகத் தெரிய இதுதான் வழி.

மணி பிளான்ட் விதை என்று ஆன்லைனில் விற்பதை மட்டும் வாங்காதீர்கள். பிரெஞ்சு பாலினீசியாவின் மோரியா தீவைச் சேர்ந்த இந்தச் செடி பூப்பதே மிக அரிது. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோனை உருவாக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. உலகம் முழுக்கப் பரவியது தண்டுத் துண்டுகளால்தான்.

வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். பல மாதம் தண்ணீரிலேயே இருந்த வேர் மண்ணுக்குப் பழகத் திணறும். மாற்றிய முதல் இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் கையை அடக்குங்கள்.

தொட்டிச் செடி சாவது பெரும்பாலும் அதிகத் தண்ணீரால்தான். கீழ் இலைகள் மஞ்சளானதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம், அதுதான் அதை முடித்துவிடுகிறது. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்து இலை மஞ்சளானால் வேர் மூச்சு முட்டுகிறது. காய்ந்து இலை துவண்டிருந்தால் ஊற்றலாம், சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மண் காய நாளாகும், அதற்கேற்பக் குறையுங்கள். வெறும் தோட்டத்து மண் இறுகிக் கட்டியாகும். செம்மண், கோகோபீட், மண்புழு உரம், கொஞ்சம் மணல் கலந்தால் போதும். அடியில் ஓட்டையில்லாத அழகுத் தொட்டி வேண்டவே வேண்டாம்.

இருட்டு மூலையில் வைத்தால் செடி பிழைத்துக் கிடக்கும், ஆனால் மஞ்சள் வரிகள் மங்கி, கணுவுக்குக் கணு இடைவெளி நீளும். கிழக்கு ஜன்னல் நல்லது. மொட்டை மாடியின் உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். பற்றி ஏறத் தென்னை நார் சுற்றிய கம்பு கொடுத்தால் இலை பெரிதாகும்.

பாட்டிலில் வளர்ப்பவர்கள் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருப்பதால் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கழித்த கொடியைப் புதரிலோ குளக்கரையிலோ வீசாதீர்கள். இலங்கையின் கண்டியில் உடவத்தகெலே காட்டின் ஒரு பகுதியை இந்தக் கொடி மூடியிருக்கிறது. நறுக்கி, வெயிலில் சருகாகும்வரை காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.