சட்டையைப் பிடிக்காமல் தனியார் மருத்துவம் பற்றி வாதாடுவது எப்படி

காதுகுத்து வீட்டில் பந்தி முடிந்து ஜமுக்காளத்தில் சாய்ந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டில் அது மாமா. "ஜி.எச்.சை எல்லாம் தனியார்கிட்ட குடுத்துட்டாதான் மாப்ள உருப்படும்." உடனே அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் சித்தி, "தனியார்ல குடுத்தா உங்க சட்டைப்பைதான் மாமா உருப்படாது" என்பார். பத்தே நிமிடத்தில் பழைய சொத்துத் தகராறு வரை போய்விடும். இந்த வாதத்தில் நான் நிறைய முறை தோற்றிருக்கிறேன், இரண்டு பக்கமும் நின்று தோற்றிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் பதில் சொல்லாதீர்கள். "தனியார்னு யாரைச் சொல்றீங்க மாமா?" என்று மட்டும் கேளுங்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யும் தனியார்தான். 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையும் தனியார்தான். 1983-ல் சென்னையில் வந்த அப்போலோவும் தனியார், காலையில் ஜி.எச்.சில் ஓபி பார்த்துவிட்டு மாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்த கிளினிக்கில் உட்காரும் டாக்டரும் தனியார், "காய்ச்சலா, இந்த மூணு மாத்திரை போடுங்க" என்று தானே வைத்தியம் சொல்லும் மருந்துக்கடைக்காரரும் ஒரு வகையில் தனியார். இவர்களை ஒரே மூட்டையில் கட்டிவிட்டு ஆதரிப்பதோ திட்டுவதோ வேலைக்கு ஆகாது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சத்தம் அடங்கிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்புறம் மூன்று விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: காசு யார் கொடுக்கிறார்கள், வைத்தியம் யார் பார்க்கிறார்கள், யார் மேற்பார்வை பார்க்கிறார்கள். நம் ஊர் வாதமெல்லாம் இரண்டாவதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் சிக்கல் பெரும்பாலும் முதலாவதிலும் மூன்றாவதிலும்தான் இருக்கிறது. மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், காப்பீட்டு அட்டையில். "ஒரு பைசா செலவில்லை, ராஜமரியாதை" என்று இன்றைக்கும் சொல்வார். சரி, அந்தப் பணம் யாருடையது? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ஆட்சி மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை: அரசு பிரீமியம் கட்டுகிறது, சிகிச்சையைத் தனியாரிலும் எடுக்கலாம், அரசு ஆஸ்பத்திரியிலும் எடுக்கலாம். அரசு ஆஸ்பத்திரியும் இதே திட்டத்தில் கிளெய்ம் போட்டுப் பணம் வாங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே மாமா அனுபவித்த "தனியார் மருத்துவம்" வரிப்பணத்தில் நடந்தது. இதைக் குத்தலாகச் சொல்லிவிடாதீர்கள், மனிதர் கோபித்துக்கொண்டால் அத்தோடு போச்சு.

எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த எண் எதை எண்ணியது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். நான் வசமாக மாட்டியது இதில்தான். 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், பிரசவம் தவிர்த்து, ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்தால் இந்திய அளவில் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். இதை ஒருமுறை பெருமையாக எடுத்துவிட்டேன், பார்த்தீர்களா ஏழு மடங்கு என்று. அங்கிருந்த ஒரு கணக்கர் அமைதியாகக் கேட்டார்: "அது நோயாளி கையிலேருந்து போன காசுதானே தம்பி? டாக்டர் சம்பளம், கட்டடம், கரண்ட் பில்லு?" பதில் இல்லை. அந்த எண் குடும்பத்தின் சுமையைக் காட்டும், வைத்தியத்தின் அடக்கவிலையைக் காட்டாது. இப்போதெல்லாம் அந்த வித்தியாசத்தை நானே முதலில் சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறேன்.

சிசேரியன் கணக்கும் இப்படித்தான். 2019-21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசில் 36. கேட்டதும் "காசுக்காக அறுக்கிறான்" என்று பாயத் தோன்றும். பொறுங்கள். அரசின் 36-ம் ஒன்றும் குறைவில்லை, தனியாருக்குப் போகிறவர்களின் வயது, வசதி, நல்ல நாள் பார்த்துக் குழந்தை பெற்றுக்கொள்ளும் ஆசை எல்லாம் கணக்கில் உண்டு. ஆனாலும், சிக்கலான கேஸ் என்றால் கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் பல இடங்களில் அனுப்புகிறார்கள், அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் என்றால் உடம்பு மட்டும்தான் காரணம் என்று என்னை யாராலும் நம்பவைக்க முடியாது.

எதிராளி பக்கம் நியாயம் இருக்கும் இடத்தில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். என் அம்மாவின் முதுகுவலிக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது, அந்த மூன்று வாரமும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இதை மறைத்துவிட்டு ஜி.எச்.சுக்கு வக்காலத்து வாங்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதற்கு மருந்து தனியாரிடம் கொடுப்பதா, இன்னொரு மெஷினும் இரண்டு டெக்னீஷியனும் போடுவதா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை ஜி.டி.பி.யில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 2.5 சதவீதம் ஆக்குவோம் என்றது. 2021-22-ல் அது 1.84. பட்டினி போட்டுவிட்டு, பிள்ளை ஓடவில்லை என்று குறை சொல்கிற கதைதான்.

"எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கணும்" என்று சித்தி சொல்லும்போதும் ஒரு கேள்வி போடுங்கள். அவர் வார்டில் கொடுக்கும் மாத்திரையைச் செய்தது யார்? பெரும்பாலும் தனியார் கம்பெனிதான். 1994-ல் உருவாகி 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு, பிராண்டு பெயர் பார்க்காமல் மொத்தமாக வாங்குகிறது, மாவட்டக் கிடங்கில் இறக்குகிறது, மாதிரியை லேபுக்கு அனுப்பித் தரம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு விடுகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் வைத்துக்கொண்டன. என்னைக் கேட்டால் மொத்த வாதத்துக்கும் இதுதான் நல்ல உதாரணம். தனியார் இருக்கிறார், லாபமும் பார்க்கிறார், ஆனால் வாங்குகிறவர் கை ஓங்கியிருக்கிறது. சிகிச்சை விஷயத்தில் அந்தக் கை அவ்வளவு ஓங்கவில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு சட்டம் போட்டது 1997-ல், அதற்கு விதிகள் வந்தது 2018-ல். இருபத்தோரு வருடம்!

யாராவது "சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தணும்" என்றால் ராஜஸ்தானை எடுங்கள். 2023 மார்ச்சில் அங்கே மருத்துவ உரிமைச் சட்டம் நிறைவேறியது. அவசரம் என்று வந்தால் முன்பணம் கேட்காமல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றார்கள், தனியார் டாக்டர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பணம் யார் தருவார், எப்போது தருவார் என்பதுதான் அவர்களுடைய பெரிய கேள்வி. ஏப்ரல் தொடக்கத்தில் சமரசம் ஆனபோது, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரிகளும், நிலம், கட்டடம் என்று அரசுச் சலுகை எதுவும் வாங்காத ஆஸ்பத்திரிகளும் விலக்கு வாங்கிக்கொண்டன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் வேறு வழியில் போனது: சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம், தொடங்கியபோது 1 லட்சம் வரை, ஆஸ்பத்திரிக்கு அரசே கட்டிவிடும். முன்னது உரிமை, பின்னது திட்டம். திட்டத்தை நிறுத்த ஓர் அரசாணை போதும் என்று சித்தி சொல்வார், அது சரியான பாயிண்ட்தான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான். சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் வராது, கிராமத்தில் கை காலியாவது பெரும்பாலும் அதில்தான். அந்த இடத்தை 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஓரளவு அடைக்கிறது, மாத்திரையோடு வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். "அட்டை இருக்குல்ல, அப்புறம் எதுக்கு ஆரம்ப சுகாதார நிலையம்?" என்று கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, சுற்றி இருக்கும் பெண்களைப் பேச விடுங்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்களும் அங்கே இங்கே அலைந்தவர்களும் அவர்கள்தான். போன முறை மாமா "ஒரு பைசா செலவில்லை" என்றபோது அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு பைசா இல்லையா? அட்டையில வராத சாமான்னு சொல்லி 22 ஆயிரம் கேட்டாங்களே, என் வளையலை வச்சுத்தானே கட்டினோம்?"

திட்டப்படி அங்கே பணமே வாங்கக் கூடாது. சித்தி மெல்லக் கேட்டார், "ரசீது இருக்காக்கா?"

"ரசீதா? துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அதையும் கவுன்ட்டர்ல திருப்பி வாங்கிக்கிட்டாங்க."

மாமா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக, மேற்பார்வை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை அவரே எடுத்தார்.