சாலிடரிங் அயர்னைச் சூடாக்கும் முன்பு: பழைய சவுண்ட் கார்டு திருத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ கார்டை (தொண்ணூறுகளின் கணினிகளில் ஒலிக்காகச் செருகிய கார்டு) என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரு கையில் கார்டு, இன்னொரு கையில் அதிலிருந்து உருவிய கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் சின்னப் பாகங்கள்) போட்ட பிளாஸ்டிக் பை. "வாங்கின அன்னைக்கே எல்லாத்தையும் கழட்டிட்டேன் அண்ணே. புதுசு போட்டா சரியாயிடும்னு சொன்னாங்க" என்றார். சில வருடங்களுக்கு முன் நான் செய்ததும் இதேதான். அந்தப் பையைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கெப்பாசிட்டரைத் தலைகீழாகப் போடுவது, மெஷின் ஓடும்போதே கார்டைப் பிடுங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை கேட்டாலே அவை மனதில் நின்றுவிடும். கேட்ட பிறகும் செய்கிற தவறுகள் சில உண்டு.

ஜம்பரைப் பார்க்காமல் "செத்துப்போச்சு" என்பது

அந்தத் தம்பியிடம் கேட்டேன்: "கழற்றும் முன் என்ன கோளாறு இருந்தது?" கேமில் இசை வந்ததாம், துப்பாக்கிச் சத்தமும் பேச்சும் மட்டும் வரவில்லையாம்.

இந்த ஒரு பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. சவுண்ட் பிளாஸ்டர் வகைக் கார்டுகளில் இசையை உண்டாக்குவது யமஹாவின் எஃப்எம் சிப் (வாத்திய ஒலிகளைத் தானே உருவாக்கும் சிப்). ப்ரோவின் முதல் மாடலில் ஒய்எம்3812 இரண்டு இருக்கும், அடுத்த மாடலில் ஒய்எம்எஃப்262 ஒன்று. டாஸ் (அந்தக் காலத்து இயங்குதளம்) கேம்கள் இந்தச் சிப்போடு நேராகப் பேசிவிடும். ஐஆர்க்யூவும் (கார்டு கணினியைக் கூப்பிடும் தடம்) டிஎம்ஏவும் (நினைவகத்திலிருந்து ஒலித் தரவு நேராக வரும் தடம்) அதற்குத் தேவையில்லை. பதிவு செய்த ஒலிக்கு இரண்டுமே சரியாக இருந்தாக வேண்டும். இசை வந்து பேச்சு வரவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிறது, வால்யூம் வேலை செய்கிறது, கெப்பாசிட்டர்களும் வேலை செய்கின்றன என்றுதான் பொருள். அவருடைய கார்டில் ஐஆர்க்யூ ஜம்பர் (ஊசிகளை இணைத்து எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சின்ன மூடி) 7இல் இருந்தது. கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில், கார்டின் அமைப்பைக் கேம்களுக்குச் சொல்லும் பிளாஸ்டர் வரியோ 5 என்றது. அந்த ஒரு இலக்கத்தைத் திருத்தியிருந்தால் போதும்.

ஆகவே முதலில் கார்டிலுள்ள ஜம்பர்களை ஃபோட்டோ எடுங்கள். மாடல் எண்ணைப் பார்த்து முகவரி (கணினி கார்டை அழைக்கும் எண்), ஐஆர்க்யூ, டிஎம்ஏ மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் முதல் துணுக்கு மட்டும் கேட்டு நின்றுபோனாலோ, அதே துணுக்கு திரும்பத் திரும்ப ஓடினாலோ அநேகமாக ஐஆர்க்யூ தகராறுதான்.

அளக்காமல் செருகுவது

யார் யார் கையிலோ இருந்து வந்த கார்டை நேராக ஸ்லாட்டில் செருகாதீர்கள். கார்டின் அடிவிளிம்பில் தங்கப் பூச்சுள்ள விரல்கள் இருக்கும். சிப்கள் இல்லாத பின்பக்கத்தில், மெஷினின் பின்புறம் திருகு போடும் உலோகத் தகட்டுப் பக்கமிருந்து எண்ணுங்கள். 1ஆவது விரல் கிரவுண்ட், 3ஆவது +5 வோல்ட், 7ஆவது -12, 9ஆவது +12. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கிரவுண்டுக்கும் மற்ற மூன்றுக்கும் இடையில் பாருங்கள். எங்காவது பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் கார்டைக் கீழே வைத்துவிடுங்கள். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் சொட்டு மாதிரி இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கும். பார்வைக்குப் புத்தம் புதிதாகத்தான் தெரியும். மின்சாரம் கொடுத்தால் வெடிக்கலாம், சில சமயம் தீயோடு.

5ஆவது விரல் -5 வோல்ட். 2003க்குப் பிறகு வந்த பவர் சப்ளைகளில் பெரும்பாலும் இந்த வோல்டேஜே கிடையாது. மிகப் பழைய கார்டு ஒன்று ஊமையாக இருந்து, அதன் 5ஆவது விரலிலிருந்து டிராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) ஓடுகிறது என்றால் முதலில் சப்ளையைச் சந்தேகப்படுங்கள்.

காரணம் தெரியாமல் எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

2014இல் சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ 2 கிடைத்தது. தரையில் விரித்த தார்பாயில், ரிமோட்டுகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்தது. பெரியவர் 12 வெள்ளி கேட்டார், கொடுத்தேன். அந்தச் சந்தை 2017இல் மூடப்பட்டுவிட்டது. கிரியேட்டிவ் என்ற சிங்கப்பூர் கம்பெனி உலகத்துக்கே கொடுத்த கார்டு, அதை சிங்கப்பூர்த் தரையிலிருந்தே எடுத்து வந்தேன் என்று அவ்வளவு சந்தோஷம். வீட்டில் போட்டுப் பார்த்தால் வலது பக்கம் அருமையாகப் பாடியது, இடது பக்கம் சத்தமே இல்லை.

பழைய கார்டு, அதனால் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். எதையும் அளக்கவில்லை. மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் புதுக் கெப்பாசிட்டர்கள் வாங்கிவந்து மூன்று இரவு உட்கார்ந்தேன். இரண்டாம் இரவு ஒரு கெப்பாசிட்டர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அயர்னின் சூட்டை ஏற்றிவிட்டுக் குறடால் இழுத்தேன். வந்துவிட்டது. விளக்கடியில் பார்த்தபோது அதன் காலைச் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய செம்புக் குழல் ஒன்று ஒட்டியிருந்தது. போர்டின் மேல் டிராக்கையும் கீழ் டிராக்கையும் துளை வழியே இணைப்பது அந்தக் குழல்தான். அதைக் காலோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். எல்லாம் மாற்றி முடித்துப் போட்டுப் பார்த்தபோது, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த வலது பக்கமும் நின்றுபோயிருந்தது.

அப்புறம்தான் யோசித்து, கார்டின் பின்தகட்டில் இருக்கும் சின்ன வால்யூம் சக்கரத்தை விரலால் உருட்டினேன். இடது ஸ்பீக்கர் கரகரத்தது. கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, முப்பது நாற்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக உருட்டினேன். இடது பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டது. கோளாறு அவ்வளவுதான்: சக்கரத்துக்குள் அழுக்கு. நான் உருவிய கெப்பாசிட்டர்களைப் பிறகு ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. வலது பக்கத்துக்குக் கார்டின் முதுகில் மெல்லிய வயர் ஒன்றை இழுத்து இணைத்தேன். அது இன்றும் இருக்கிறது.

செய்திருக்க வேண்டியது இதுதான். கார்டில் சிடி டிரைவுக்கான ஒலி உள்ளீடு இருக்கிறது, வெளியிலிருந்து ஒலியைக் கொடுக்கும் 'லைன் இன்' ஜாக்கும் இருக்கிறது. ஃபோனிலிருந்து பாட்டை லைன் இன்னில் கொடுத்து, மிக்ஸரில் (கார்டின் ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் பகுதி) அதன் வால்யூமைத் திறந்து கேளுங்கள். அதிலும் ஒரு பக்கம் வரவில்லை என்றால் கோளாறு மிக்ஸருக்குப் பின்னால்: ஆம்ப்ளிஃபயர், வால்யூம் சக்கரம், ஜாக். லைன் இன் நன்றாகக் கேட்டு எஃப்எம் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு முன்னால், சிப்பிலோ அதன் பக்கத்திலோ. ஐந்து நிமிட வேலை.

கெப்பாசிட்டர் நிஜமாகவே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். தலை உப்பியிருக்கும், அடியில் பிசுபிசுப்பு இருக்கும், அயர்ன் வைத்ததும் மீன் கவிச்சி போல ஒரு வாடை வரும். துளையில் இறங்காமல் போர்டின் பரப்பிலேயே ஒட்டியிருக்கும் சின்ன அலுமினியக் குப்பிகள்தான் அதிகம் கசிகின்றன. கால் நீண்ட வகை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மாற்றும்போது பழைய சாலிடரின் மேல் முதலில் புதிய 60/40 (வெள்ளீயமும் ஈயமும் கலந்த) சாலிடரைக் கொஞ்சம் ஏற்றி உருக்குங்கள். அப்போது பழையதும் இளகி வரும். கிரவுண்டுக்குப் போகும் காலைச் சுற்றி அகலமான செம்பு இருப்பதால் அது சூட்டைக் குடித்துவிடும். அதற்குச் சூட்டைக் கூட்டாமல் தட்டையான பெரிய முனை போடுங்கள். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிச் சூடாக்கி, கெப்பாசிட்டரை மெதுவாக ஆட்டிச் சாய்த்தால் தானாக வெளியே வரும். இழுக்கவே கூடாது. துளை அடைத்திருந்தால் சூடாக்கிப் பல்குத்தும் குச்சியை நுழையுங்கள்.

தங்க விரல்களில் உப்புத்தாள்

வேண்டாம். பென்சில் ரப்பரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும்.

அசல் சிப்பைத் தூக்கிப் போடுவது

கார்டு சரியாக வேலை செய்யும் வரை, கழற்றிய எதையும் குப்பையில் போடாதீர்கள்.

இரைச்சலை நோயென்று நினைப்பது

சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ 1991இல் வந்தது. அதன் பதிவொலி 8 பிட் மட்டுமே. மெல்லிய இரைச்சல் அதோடு கூடவே பிறந்தது. ஓப்ஆம்ப் சிப்களை (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் சிப்கள்) எல்லாம் மாற்றி அதைத் துரத்துகிறவர்களைப் பார்க்கிறேன்; அவர்கள் போர்டும் என் போர்டு மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மிக்ஸரில் மைக், லைன் இன் இரண்டையும் பூஜ்ஜியமாக்குங்கள். வால்யூம் சக்கரத்தைப் பாதிக்குக் குறைத்து, ஸ்பீக்கரில் கூட்டிக்கொள்ளுங்கள். கார்டை வீடியோ கார்டிலிருந்து தள்ளி வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மிச்சமிருக்கிற இரைச்சல், அந்தக் கார்டு புதிதாகப் பெட்டியிலிருந்து வந்த நாளிலும் இருந்ததுதான்.