வயதான கோழிக்கு ஓய்வு வேண்டுமா? முதலில் பல்பைக் கழற்றுங்கள்

கோழி முட்டையை நிறுத்திவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு யோசனை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் எழுதுவது, வயதான கோழியின் முட்டையைக் குறைத்து ஓய்வு கொடுக்க நினைக்கிற மற்றவர்களுக்கு. அறுக்கப்போவதில்லை, விற்கப்போவதில்லை, இருக்கிறவரை இருக்கட்டும் என்று கோழி வைத்திருப்பவர்களுக்கு. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது இரண்டு நாட்டுக்கோழிகளும் இரண்டு வெள்ளை லேயர்களும் இருக்கின்றன. லேயர்கள் என்றால் முட்டைக்கென்றே வளர்க்கிற பண்ணைக் கோழிகள். இவை பண்ணையில் காலம் முடிந்து கறிக்கு வந்தவை. சந்தையில் பார்த்துப் பாவப்பட்டு வாங்கினேன்.

வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. நம் சோலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழி வேறு. அந்தச் சிவப்புக் காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். பண்ணை லேயர் 300-ஐத் தாண்டும். ஒரு ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. தீனியில் கிடைக்காததை எலும்பிலிருந்து எடுக்கும். வயதானபின் வருகிற தோல்முட்டை, முட்டை சிக்கிக்கொள்வது, கரு வயிற்றுக்குள் சிந்திச் சீழ் பிடிப்பது, முட்டைப்பை வெளியே தள்ளுவது எல்லாம் இவ்வளவு முட்டையிடுவதன் தொடர்ச்சிதான். முட்டை குறைந்தால் இவையும் குறையும்.

முட்டையிடச் சொல்வது வெளிச்சம். ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் பட்டால் லேயர் முழுவீச்சில் இடும். 12 மணி நேரத்துக்குக் கீழே போனால் தளரும். நீலகிரியில் ஜூன் மாதத்திலேயே பகல் 12¾ மணி நேரம்தான், டிசம்பரில் 11½ மணி நேரம். பாதி வேலையை ஊரே செய்துவிடுகிறது. கெடுப்பது நாம்தான். பனி விழுகிறதே, குளிருமே என்று கூட்டுக்குள் இரவெல்லாம் பல்பு எரிய விடுகிறோம். டிசம்பர் உறைபனியிலும் கோழி முட்டையிடுகிறதே என்று பூரிக்கிற வீடுகளில் எட்டிப் பாருங்கள், பல்பு எரியும்.

சிவப்பு பல்பு போட்டால் கோழிக்கு வெளிச்சம் தெரியாது என்று சொல்வார்கள். அது தப்பு. கோழி கண்ணால் மட்டும் வெளிச்சத்தை அறிவதில்லை. மண்டையோட்டைக் கடந்து மூளைக்கே வெளிச்சம் போகிறது. அப்படி ஊடுருவுவதில் சிவப்புதான் முந்தி. குஞ்சுக்கு வைக்கிற சிவப்பு விளக்கை வயதான கோழிக்கு வைத்தால், ஓய்வெடு என்று சொல்லிக்கொண்டே வேலை கொடுப்பதாகிவிடும்.

சரி, குளிருக்கு என்ன செய்வது? இறகு நன்றாக இருக்கிற வளர்ந்த கோழிக்கு நம்மூர்க் குளிர் ஒன்றும் செய்யாது. ஈரமும் நேராக அடிக்கிற காற்றும்தான் ஆகாது. காற்று வருகிற பக்கம் மட்டும் சாக்கு கட்டுங்கள். மேலே கூரையோரம் ஒரு கை அளவு இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் எச்சத்தின் நெடி மூச்சைப் பிடிக்கும். கீழே மரச்சுருள் கனமாகப் போட்டு, நனைந்த இடத்தை அன்றே அள்ளிவிடுங்கள். உட்காரும் கட்டை உருண்டைக் கம்பாக இல்லாமல் தட்டையாக இருந்தால், கால்விரலை வயிற்று இறகால் மூடிக்கொண்டு தூங்கும். தெருவிளக்கு கூட்டைப் பார்த்து எரிந்தால் அந்தப் பக்கமும் சாக்குதான். எங்கள் தெருவுக்கு வெள்ளை எல்இடி வந்தபின் இதையும் செய்ய வேண்டியதாயிற்று. அதற்காகப் பகலெல்லாம் இருட்டில் அடைத்துப் போடாதீர்கள். மாலை மஞ்சு இறங்கும்போது அடைத்து, காலையில் கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் போதும்.

அடுத்தது தீனி. லேயர் தீனியில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். இடாத கோழிக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அதற்காகக் கால்சியத்தை ஒரேயடியாக நிறுத்தினால், இன்னும் இட்டுக்கொண்டிருக்கிற கோழிக்கு எலும்பு கரையும். அதனால் வளரும் கோழிக்கான குரோயர் தீனிக்கு மாற்றி, கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும். எங்கள் நாட்டுக்கோழி கருப்பி கிளிஞ்சலை அலகால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். வெள்ளைகள் இரண்டும் சாயங்காலம் கிண்ணத்தைக் காலி செய்துவிடும். ராகி, உடைத்த சோளம், கேரட் தழை, முட்டைகோஸ் வெளியிலை எல்லாம் தரலாம். பட்டினி போட்டு முட்டையை நிறுத்துகிற பண்ணை வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் குறைந்தால் சில வாரங்களில் இறகு உதிரத் தொடங்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். புது இறகு பெரும்பாலும் புரதம்தான், அதனால் அந்த நாட்களில் கருவாட்டுத் தூளோ வேகவைத்த பருப்போ கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்.

நாட்டுக்கோழிக்கு இன்னொரு வழி உண்டு. முட்டையை எடுக்க எடுக்க அது இட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் முட்டை நாலைந்து கிடந்தால் அடையில் உட்காரும், உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். அடையைத் தெளிவிக்கத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் நம் பக்கம் வழக்கம். நமக்கு இங்கே தேவை அதற்கு நேர் எதிர், உட்காரட்டும். தினமும் ஒரு தடவை தூக்கி இறக்கித் தீனியும் தண்ணீரும் காட்டி, மூன்று வாரம் ஆனதும் பிளாஸ்டிக் முட்டைகளை எடுத்துவிடுங்கள். லேயர்களிடம் இது செல்லாது. அடை உட்காரும் குணத்தையே அவற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் லேயர் சில சமயம் அடங்காது. டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தை அரிசி அளவில் தோலுக்கடியில் வைத்துச் சில மாதம் முட்டையை நிறுத்துகிற முறை வெளிநாட்டுப் பறவை மருத்துவர்களிடம் உண்டு. செலவு அதிகம், மறுபடி மறுபடி வைக்க வேண்டும், அந்தக் கோழியின் முட்டையையோ கறியையோ சாப்பிடக்கூடாது. திரும்பத் திரும்ப முட்டை சிக்குகிற கோழிக்காக மட்டும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

வால் தொங்கி, நிமிர்ந்து நின்றபடி முக்கிக்கொண்டு, கொண்டை வெளிறியிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு வரை இருபது நிமிடம் உட்கார வைத்து, துடைத்து, சூடான மூலையில் விடுங்கள். வயிற்றை அமுக்க வேண்டாம், உள்ளே உடைந்தால் உயிருக்கு ஆபத்து. ஒரு மணி நேரத்தில் வரவில்லையென்றால் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மலைப்பாதை வளைவுகளில் கூடை சாயாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.