லத்தீன் சொற்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

லத்தீன் என்றதும் பலரும் முதலில் நீளமான வாய்பாடுகளை மனப்பாடம் செய்ய உட்காருகிறார்கள். ஒரே வாரத்தில் அலுப்பு வந்துவிடுகிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அது தேவையே இல்லை. பெயரோடு ஒட்டும் வேற்றுமை உருபும், செய்தது யார் என்று காட்டும் வினை விகுதியும் நமக்குப் பழகியவைதானே. அந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

படி 1: ஒலியைச் சரிசெய்யுங்கள்

பழைய ரோமானியர் உச்சரிப்பு, திருச்சபை உச்சரிப்பு என இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் தருவது பழைய உச்சரிப்பு. அதில் சீசரின் பெயர் ‘கைசர்’.

குறில், நெடிலைக் கட்டாயம் கவனியுங்கள். ‘மலும்’ என்றால் தீமை, ‘மாலும்’ என்றால் ஆப்பிள். பாடநூல்களில் நெடிலுக்கு மேல் சின்னக் கோடு போட்டிருப்பார்கள். உங்கள் நோட்டிலும் ரோமன் எழுத்திலேயே, அந்தக் கோட்டோடு எழுதுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் வல்லின ஒலிகளின் வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

படி 2: தெரிந்த சொற்களை எடுத்து வையுங்கள்

‘விதெயோ’ என்றால் பார்க்கிறேன், ‘ஔதியோ’ என்றால் கேட்கிறேன். நாம் தினமும் சொல்லும் வீடியோவும் ஆடியோவும் இவைதான். செப்டெம், ஒக்தோ, நொவெம், தெகெம் என்பவை ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால்தான் செப்டம்பர் ஏழாம் மாதம், டிசம்பர் பத்தாம் மாதம் என்று பெயர் பெற்றன.

படி 3: பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அகராதியில் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று தகவல்கள் இருக்கும்: எழுவாய் வடிவம், ‘உடைய’ என்ற பொருள் தரும் வடிவம், பால். மூன்றையும் சேர்த்தே படியுங்கள்.

அரசனுக்கு ‘ரேக்ஸ்’. அதை மட்டும் படித்திருந்தால், அரசனுடைய என்பதற்கான ‘ரேகிஸ்’, அரசனை என்பதற்கான ‘ரேகெம்’ இரண்டும் புதுச் சொற்களாகத் தெரியும். ‘ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால்’ என்று படித்தவருக்கு அடிச்சொல் ‘ரேக்’ என்பது உடனே பிடிபடும். தமிழில் மரம் ‘மரத்தை’ ஆவதுபோலத்தான்.

பால் விஷயத்தில் மட்டும் தமிழை நம்ப வேண்டாம். லத்தீனில் காடு (சில்வ) பெண்பால், சுவர் (மூருஸ்) ஆண்பால். ‘அ’ ஒலியில் முடிபவை பெரும்பாலும் பெண்பால் என்றாலும் மாலுமி (நௌத), உழவர் (அக்ரிகொல) ஆண்பால்.

படி 4: வினையை வாக்கியத்தில் பழகுங்கள்

‘பொர்த்தோ’ சுமக்கிறேன், ‘பொர்த்தாஸ்’ சுமக்கிறாய். ‘பொர்த்தத்’ என்பது சுமக்கிறான், சுமக்கிறாள், சுமக்கிறது மூன்றுக்கும் பொது.

புவெல்ல அக்வம் பொர்த்தத். சிறுமி நீரைச் சுமக்கிறாள்.

சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘அக்வ’ நீர், ‘அக்வம்’ நீரை. அக்வம் புவெல்ல பொர்த்தத் என்று மாற்றிப் போட்டாலும் சுமப்பவள் சிறுமிதான். கேள்வி கேட்க, நம் ‘ஆ’ போல, ‘னெ’ சேர்த்தால் போதும்: பொர்த்தாஸ்னெ? சுமக்கிறாயா? நம் ‘உம்’மைக்கு ஈடாக ‘க்வெ’ இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது சொல்லில் மட்டும் ஒட்டும்: புவெர் புவெல்லக்வெ, சிறுவனும் சிறுமியும். இந்த ஒற்றுமைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் அவ்வளவு மகிழ்ச்சி!

படி 5: எந்தச் சொற்கள், எத்தனை?

கண்ணில் படுவதையெல்லாம் சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி, லத்தீன் நூல்களில் அடிக்கடி வரும் சுமார் 1000 சொற்களைப் பட்டியலிட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதிலிருந்து நாளுக்கு 5 அல்லது 10 சொற்கள் போதும். பொருளை மறைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் தமிழைப் பார்த்து லத்தீனைச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது பயிற்சி கடினம், ஆனால் சொல் மனதில் தங்குவது இதில்தான். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று திரும்பப் பாருங்கள்.

சரி, இப்போதே ஒன்று முயன்று பாருங்கள். பார்க்கிறான் என்பதற்கு ‘விதெத்’. ‘அரசன் காட்டைப் பார்க்கிறான்’ என்பதை லத்தீனில் எழுதுங்கள். ‘ரேக்ஸ் சில்வம் விதெத்’ என்று வந்ததா? அடுத்து ‘சிறுமி அரசனைப் பார்க்கிறாள்’. அதற்கு வேண்டிய எல்லாச் சொற்களும் மேலேயே இருக்கின்றன.