கத்தரிக்காயின் பளபளப்பை மெஷ்ஷில் கொண்டுவருவது எப்படி?

ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்கடை வைத்திருக்கும் ஒருவருக்காகத்தான் முதன்முதலில் கத்தரிக்காய் வரைந்தேன். விதை பாக்கெட்டின் முகப்புப் படம். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கிரேடியன்ட் மெஷ் என்று ஒரு வசதி உண்டு: வடிவத்தின் மேல் வலைபோலக் கோடுகள் போட்டு, அவை சந்திக்கும் புள்ளிகளுக்குக் கலர் கொடுப்பது. அதில் குறுக்கே 20, நெடுக்கே 20 கோடு போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் போட்டோவிலிருந்து கலர் எடுத்து, மூன்று ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். அவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காய் வாடிப்போன மாதிரி இருக்கே" என்றார். உண்மைதான். தோல் முழுக்க மேடும் பள்ளமுமாக இருந்தது. ஏழெட்டுக் கோடுகளோடு மறுபடி வரைந்தேன். அதுதான் பாக்கெட்டில் வந்தது.

காரணம் இதுதான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கலரை இழைத்துக் கொடுப்பது மென்பொருளின் வேலை. புள்ளிகளை நெருக்கிவிட்டால் அது இழைக்க இடமே இருக்காது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் கலர் கொஞ்சம் மாறினாலும் சுருக்கமாகத் தெரியும்.

முதலில் காயை ஜன்னலோரம் வைத்து, ஒரு பக்க வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போட்டோவைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அச்சுக்குப் போகிற வேலையென்றால் ஃபைலை ஆரம்பத்திலேயே சி.எம்.ஒய்.கே.யில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அச்சு மைக் கணக்கில்) திறக்க வேண்டும். திரையில் மின்னும் ஊதா, கடைசியில் மாற்றும்போது செத்துப்போகும்.

காயின் முழு வெளிக்கோட்டையும் பேனா டூலால் வரைந்து அதில் மெஷ் போடாதீர்கள், கோடுகள் சிக்கிக்கொள்ளும். ஒரு நீள்வட்டம் போட்டு நடுத்தர ஊதாவை நிரப்பி, அதன் நகல் ஒன்றை ஓரமாக எடுத்து வையுங்கள். மெஷ் ஆன வடிவம் எளிதில் பழையபடி ஆகாது. பிறகு ஆப்ஜெக்ட் மெனுவில் கிரியேட் கிரேடியன்ட் மெஷ், 4 வரிசை, 3 பத்தி. புள்ளிகளைத் தனித்தனியாக நகர்த்தும் டைரக்ட் செலக்‌ஷனால் ஓரப் புள்ளிகளை இழுத்துக் காயின் உருவத்துக்குக் கொண்டுவாருங்கள். நெடுக்குக் கோடுகள் காம்பிலிருந்து அடிவரை, பூமி உருண்டையின் தீர்க்கரேகை மாதிரி வளைந்து போக வேண்டும். அந்த வளைவிலேயே பாதி உருட்சி வந்துவிடும்.

அப்புறம் கலர். புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கலரை உறிஞ்சி எடுக்கும் ஐட்ராப்பர் டூலால் போட்டோவைத் தொட்டால் போதும். அதற்கு முன் ஐட்ராப்பரை டபுள் கிளிக் செய்து, மாதிரி அளவை 5 x 5 சராசரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போட்டோவின் புள்ளிக்குப்புள்ளி மாறும் பொடிக்கலர் வந்து ஒட்டிக்கொள்ளும். இருட்டான இடத்துக்கு வெறும் கறுப்பு வேண்டவே வேண்டாம். நான் வைப்பது சயான் 80, மெஜந்தா 100, மஞ்சள் 45, கறுப்பு 50. அதிலும் ஊதா உயிரோடு இருக்கும்.

இனிப் பளபளப்பு. என்னைக் கேட்டால் கத்தரிக்காயை வரைவதே இதற்காகத்தான். காயை உற்றுப் பாருங்கள். ஜன்னல் அதன் தோளில் வெள்ளைப் பட்டையாக விழுந்திருக்கும். ஜன்னல் பக்கம் பட்டையின் ஓரம் கத்தியால் வெட்டினது போல இருக்கும், மறுபக்கம் மெல்லக் கரையும். மெஷ்ஷில் இதற்கு ஒரே வழி கோடுகளின் இடைவெளி. மெஷ் டூலை எடுத்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் கலர் மாறாமல் கோடு மட்டும் சேரும். வெட்டு ஓரத்தில் இரண்டு கோடுகளை ஒட்டி வையுங்கள்: ஒன்றில் வெள்ளைக்கு நெருங்கின இளநீலம், அடுத்ததில் கரும் ஊதா. கரைய வேண்டிய பக்கத்தில் அடுத்த கோடு தள்ளியே இருக்கட்டும். தேவையில்லாத புள்ளியை ஆல்ட் கிளிக் நீக்கிவிடும்.

நிறையப் பேர் தவறவிடும் இடம் நிழல் பக்கத்து ஓரம். இருட்டின் உச்சம் விளிம்பில் இல்லை, விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே. விளிம்பில் மேசையின் வெளிச்சம் திரும்பி வந்து பட்டிருக்கும். கடைசிப் புள்ளிகளை மட்டும் மங்கலான சாம்பல் ஊதாவாக்குங்கள். தட்டையாக இருந்த காய் சட்டென்று உருண்டு நிற்பதை ஒவ்வொரு முறையும் வியந்து பார்க்கிறேன்.

காம்புக்கும் பச்சைத் தொப்பிக்கும் மெஷ் போடுவது தேவைக்கு மிஞ்சின வேலை. பெரிய பச்சை வடிவத்தின் மேல் சின்ன வெளிர்ப்பச்சை வடிவம் வைத்து, இரண்டுக்கும் நடுவில் கலரை இழைக்கும் பிளெண்ட் டூலில் ஸ்மூத் கலர் கொடுத்தால் சரி. தரை நிழலுக்கு, அடியில் உள்ள கலரை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் ஒரு நீள்வட்டம். காய் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் அழுத்தமான மெல்லிய கோடு.

வேறு வரைகலை மென்பொருள் வைத்திருந்தாலும் பரவாயில்லை: இங்க்ஸ்கேப்பில் 0.92 பதிப்பிலிருந்தே மெஷ் இருக்கிறது, கோரல்டிராவில் மெஷ் ஃபில் உண்டு. வேலை முறை ஒன்றுதான். பிரஸ்ஸுக்கு பி.டி.எஃப். கொடுங்கள். பிரவுசர்கள் மெஷ்ஷை ஏற்காது, அதனால் வெப்சைட்டுக்கு எஸ்.வி.ஜி. வேண்டாம், பி.என்.ஜி.யாக எடுத்துக் கொடுங்கள்.