சென்னை டூ சிங்கப்பூர் ஃபிளைட்: தூரமும் நேரமும் கணக்கு போடுறது எப்படி?

மொதல்ல தூரம். வான்வழியா ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், நாட்டிகல் மைல்ல (கப்பல், விமானப் பயணத்துல தூரம் சொல்ற அளவு) போட்டிருந்தா 1.852 ஆல பெருக்கி கிலோமீட்டராக்கிக்கோங்க. ஜெட் மேல போனதும் மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்குல பறக்கும், தூரத்த அதால வகுத்தா மூணரை மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா வரும், அதோட ரன்வேல ஊர்ந்து போறது ஏறுறது இறங்குறதுக்குன்னு அரைமணி முக்கால்மணி சேர்த்தா நாலு மணி நேரம் சொச்சம்.

நெறைய பேர் குழம்புறது டிக்கெட்ட பாத்துதான். ராத்திரி 11 மணிக்கு கெளம்பி காலைல 5.45க்கு எறங்கும்னு இருந்தா ஆறே முக்கால் மணி நேரம் இல்லீங்க, ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி முன்னாடி, அத கழிச்சா நாலே கால்தான். திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு அதே ரெண்டரைய கூட்டணும். வயசானவங்க தனியா போறாங்கன்னா இமிக்ரேஷன், பெட்டி எடுக்கன்னு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்தே சொல்லி வைங்க, பாவம் கூப்பிட வர்றவங்களும் பதறாம இருப்பாங்க.